40×40 ஸ்கொயர் பைப் வெட்ட எந்த வீல்? எட்டு வீல் தீர்ந்துவிட்டது

பெருந்துறை மாடி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 12 அடிக்கு 10 அடியில் ஒரு தகரக் கொட்டகை போடுகிறேன். தூணுக்கு 40×40 எம்எஸ் (சாதா இரும்பு) ஸ்கொயர் பைப், 2 மி.மீ. கனம். குறுக்குச் சட்டத்துக்கு 25×25. வெல்டிங்குக்கு ஆள் வருவார். அளவெடுத்து வெட்டி வைப்பது என் பொறுப்பு.

என்னிடம் இருப்பது கையில் பிடித்து வெட்டுகிற 4 இஞ்சு கிரைண்டர், 670 வாட், தகட்டில் 11,000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று) என்று போட்டிருக்கிறது. கடையில் போய் "இரும்பு வெட்டுற வீல் கொடுங்க" என்றேன். எட்டு வீல் கொடுத்தார். இப்போது அளந்து பார்த்தால் 3 மி.மீ. கனம். எட்டும் தீர்ந்துவிட்டது, முப்பது வெட்டுகூட ஆகவில்லை. வெட்டின ஓரம் நீலமாகிறது, பிசிறு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது, மிஷின் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. இன்னும் அறுபது துண்டுக்கு மேல் பாக்கி.

1 மி.மீ. வீல் போடு என்கிறார் வெல்டர். அது உடைந்து முகத்தில் அடிக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். டைல்ஸ் வெட்டுகிற டைமண்ட் பிளேடை மாட்டினால் ஒன்றே போதும் என்று இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? இதை முடித்துவிட்டு மாடிப்படிக் கைப்பிடிக்கு எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பும் வெட்ட வேண்டியிருக்கிறது. அதே வீல் போதுமா?

நெல்லை வயக்காடு:

1.2 மி.மீ. வாங்குங்க. மோட்டார் ரூம் கதவு, ஆட்டுப்பட்டி எல்லாம் அதில்தான் வெட்டினேன். டைல்ஸ் பிளேடை ஒருதடவை இரும்பில் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு வெட்டு ஏதோ போனது, அப்புறம் விளிம்பு வழவழவென்று ஆகி இரும்பின்மேல் வழுக்க ஆரம்பித்துவிட்டது. திரும்ப டைல்ஸுக்கும் உதவவில்லை.

துவாக்குடி பட்டறை:

தம்பி, கடைக்காரர் கொடுத்தது கட்டிங் வீல்தான், ஆனால் உங்கள் வேலைக்கு உரிய வீல் இல்லை. துவாக்குடியில் 22 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பெல் ஆலைக்குப் பாகம் செய்து கொடுக்கிற யூனிட்டுகள் நெருக்கியடித்து நிற்கிற இடம் இது. வீல் தின்கிற ஊர். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

3 மி.மீ. வீல் உள்ளே இறங்க வேண்டுமென்றால் 3 மி.மீ. அகலத்துக்கு இரும்பைப் பொடியாக்க வேண்டும். 1.2 மி.மீ. வீலுக்கு அதில் பாதி வேலைகூடக் கிடையாது. 670 வாட் மிஷின் அந்தப் பாரத்தைத் தாங்காமல் சுற்று இறங்கும். சுற்று இறங்கினால் வீல் வெட்டுவதை விட்டுவிட்டு உரச ஆரம்பிக்கும். ஓரம் நீலமாவது, பிசிறு, மிஷின் சூடு எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. வீலைக் குறை சொல்லி பிராண்ட் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கனத்தை யாரும் பார்ப்பதில்லை.

2 மி.மீ. பைப்புக்கு 1 அல்லது 1.2 வீல். உங்களுக்குக் கை புதிது, 1.2 எடுங்கள். 1 மி.மீ. இன்னும் வேகமாகப் போகும், ஆனால் கை லேசாகக் கோணினாலும் பொறுக்காது. 6 மி.மீ. ஆங்கிள், சேனல் என்று வந்தால் 1.6 அல்லது 2. நீங்கள் வாங்கின 3 மி.மீ. வகை 7 இஞ்சு, 9 இஞ்சு பெரிய மிஷினில் கனத்த இரும்பு வெட்டத்தான் சரி.

வாங்கும்போது வீல்மேல் ஒட்டியிருக்கிற தாளைப் படியுங்கள். 105×1.2×16 என்றிருக்கும்: குறுக்களவு, கனம், நடு ஓட்டை. அப்புறம் ஏ 60 டி பிஎஃப் மாதிரி ஒரு குறி. முதல் எழுத்து ஏ என்றால் அலுமினியம் ஆக்சைடு, அதுதான் இரும்புக்கான மணல். சி என்றால் சிலிக்கான் கார்பைடு, கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் உரியது. கடையில் இரண்டும் பக்கத்து பக்கத்து டப்பாவில் கிடக்கும், கூட்ட நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். 60 என்பது மணலின் பருமன், எண் கூடக் கூடப் பொடிசு. அடுத்த எழுத்து பிடிப்பு எவ்வளவு இறுக்கம் என்பதைச் சொல்லும். ஏ பக்கம் இளக்கம், இசட் பக்கம் இறுக்கம். கடைசியில் வருகிற பிஎஃப்தான் முக்கியம். ரெசினால் ஒட்டி, உள்ளே கண்ணாடி இழை வலை வைத்துச் செய்த வீல் என்று அர்த்தம். ஒல்லி வீல் சிதறாமல் நிற்பது அந்த வலையால்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீல் உடைவது ஒல்லியாக இருப்பதால் இல்லை. எங்கள் பட்டறையில் உதவிக்கு வந்த பையன் ஒருவன், 1.2 வீலில் பைப்பை வெட்டி முடித்ததும், அதே வீலைப் படுக்கவைத்துப் பிசிறைத் தேய்த்தான். இரண்டு தேய்ப்பு. பட்டென்று ஒரு சத்தம். பிறை வடிவத்தில் ஒரு துண்டு கழன்று, வீலை மூடியிருக்கிற தகரக் காப்பு, அதாவது கார்டின் உள்பக்கம் அடித்து, அங்கிருந்து தெறித்து அவன் மணிக்கட்டைக் கீறிக்கொண்டு போனது. கார்டு இல்லையென்றால் அது போயிருக்க வேண்டிய இடம் அவன் கழுத்து. அந்தக் கார்டைச் சுவிட்ச் போர்டு பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். வெளிப்பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்குப் புடைத்து நிற்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற யாரும் அந்தப் புடைப்பைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மிஷினைத் தொடலாம். கட்டிங் வீலின் விளிம்பு மட்டும்தான் வேலை செய்யும். பக்கவாட்டில் அமுக்கினால் உள்ளே இருக்கிற வலை கிழியும். பிசிறெடுக்க 6 மி.மீ. கிரைண்டிங் வீல் தனியாக வாங்குங்கள், அல்லது 60 நம்பர் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் இதழ்களை அடுக்கி ஒட்டின வட்டு). பெயின்ட் அடிக்கப்போகிற பைப்புக்கு ஃபிளாப் டிஸ்க்தான் அழகாக வரும்.

கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வீல் மாட்டுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. தயவுசெய்து வேண்டாம். இந்த வீல்களின் விளிம்பு விநாடிக்கு 80 மீட்டர் வேகம் வரை ஓடலாம் என்பது கணக்கு. 4 இஞ்சு வீல் உங்கள் 11,000 சுற்றில் 60 மீட்டரைத் தொடும், கவலை இல்லை. 7 இஞ்சு வீலை அதே சுற்றில் ஓட்டினால் 100 மீட்டரைத் தாண்டிவிடும். அதன் தாளிலேயே 8,500 சுற்றுக்கு மேல் கூடாது என்று எழுதியிருக்கும். சாப் சா மிஷினில் (கீழே நிறுத்தி, வீலை மேலிருந்து இறக்கி வெட்டுகிற பெரிய மிஷின்) தேய்ந்த 14 இஞ்சு வீலை எடுத்து வந்து மாட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு அனுமதி 4,300 சுற்றுதான். தேய்ந்து சின்னதானாலும் தாளில் இருக்கிற எண்ணை மீறக் கூடாது. மரம் அறுக்கிற பல் பிளேடையும் கிரைண்டரில் மாட்டவே கூடாது.

நடு ஓட்டையைச் சுற்றி ஒரு தகர வளையம் இருக்கும். அதில் மாதமும் வருஷமும் அடித்திருப்பார்கள். அதுதான் காலாவதித் தேதி, செய்ததிலிருந்து மூன்று வருஷம். ரெசின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பலம் இழக்கும். மழையில் நனைந்ததையும், கீழே விழுந்ததையும், விளிம்பு மூளியானதையும் நான் இரண்டாக உடைத்துத்தான் குப்பையில் போடுவேன். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். பிராண்ட் கேட்டால், கார்போரண்டம் யுனிவர்சல், நார்ட்டன், பாஷ் மூன்றும் எங்கள் பட்டறையில் ஓடுகின்றன. முதல் கம்பெனி 1954-இல் தொடங்கினது, சென்னை திருவொற்றியூரில் ஆலை இருக்கிறது, நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். தாளே இல்லாத, தேதியே இல்லாத வீலை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனி வெட்டுகிற விதம். 40×40 பைப்பை ஒரே இறக்கில் வெட்ட முடியாது, 4 இஞ்சு வீல் அவ்வளவு ஆழம் போகாது. மட்டம் வைத்து நாலு முகத்திலும் கோடு போட்டுக்கொண்டு முகம் முகமாக வெட்டுங்கள். முகத்தின்மேல் வீலைப் பரப்பி அமுக்காமல், ஒரு மூலையில் தொடங்கி முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிக்கொண்டே இறக்குங்கள். ஒரு நேரத்தில் இரும்பைத் தொடுகிற நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு சுளுவாகப் போகும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சத்தம் தடித்து இறங்கினால் அமுக்கம் அதிகம், கொஞ்சம் விடுங்கள். அதற்காக மயிலிறகு மாதிரி தடவினாலும் மணல் மழுங்கிப்போகும்.

பைப்பின் இரண்டு முனையையும் முட்டுக்கொடுத்து நடுவில் வெட்டினால், முடிகிற நேரத்தில் பைப் தொய்ந்து வீலைக் கவ்விக்கொள்ளும். மிஷின் கையை உதறிக்கொண்டு துள்ளும். நீளமான பக்கத்தைப் பெஞ்சில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், வெட்டுக்கோடு பெஞ்சின் ஓரத்தை ஒட்டி இருக்கட்டும். வெட்டுப்படுகிற துண்டு தானாகக் கீழே தொங்கி விழ வேண்டும். அப்போது வெட்டு வாய் விரியும், வீல் சிக்காது.

கண்ணாடி போடாமல் ஒரு வெட்டுகூட வேண்டாம். கண்ணில் இரும்புத்தூள் விழுந்தால் தீப்பெட்டிக் குச்சியால், மடித்த காகிதத்தால் எடுக்கிற வழக்கம் பட்டறைகளில் உண்டு. அப்படி எடுக்க விடாதீர்கள். கண் டாக்டரிடம் போங்கள், துருவின் கறையையும் சேர்த்து அவர்தான் எடுக்க முடியும். லுங்கியும் தோளில் துண்டும் வேண்டாம்.

கோவை ரெய்லிங்:

அண்ணன் இரும்புக்கு எல்லாம் சொல்லிவிட்டார். நான் எஸ்எஸ் வேலை மட்டும் செய்கிறவன், அதைச் சொல்கிறேன்.

304-க்கு அந்த வீல் வேண்டாங்க. தாளில் ஐநாக்ஸ் என்று போட்ட 1 மி.மீ. வீல் தனியாக வாங்குங்கள். அதில் இரும்பு, கந்தகம், குளோரின் கலக்காமல் செய்திருப்பார்கள். எஸ்எஸ் துருப்பிடிக்காமல் இருப்பதே அதன் மேலே படிந்திருக்கிற குரோமியம் ஆக்சைடு படலத்தால்தான். இரும்புத்தூள் அதில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் பழுப்புப் புள்ளி வரும். ஒரு வீட்டில் ரெய்லிங் முடித்துக் கொடுத்து இரண்டு மாதத்தில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் கைப்பிடி முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு. மட்டமான பைப் போட்டுவிட்டேன் என்று சண்டை. விசாரித்ததில், நான் போன பிறகு அதே மாடிப்படியில் வேறு ஆள் வாசல் கேட் செய்ய எம்எஸ் வெட்டியிருக்கிறார். பொறி முழுக்க என் கைப்பிடிமேல். ஒரு நாள் முழுக்கப் பாலிஷ் போட்டுச் சரிசெய்தேன்.

அதனால் எம்எஸ்ஸில் ஓடின வீலை எஸ்எஸ்ஸில் வைக்காதீர்கள். எம்எஸ் வேலை எல்லாம் முடித்து, இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்த பிறகு எஸ்எஸ் பைப்பை வெளியே எடுங்கள். இன்னொன்று, எஸ்எஸ்ஸில் சூடு சீக்கிரம் பரவாது, வெட்டுகிற இடத்திலேயே நிற்கும். ஒரே இடத்தில் வீலை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், வானவில் நிறம் ஏறிவிடும்.

மாடித் தளத்தில் டைல்ஸ் இருந்தால் நனைத்த கோணிச்சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். பொறி டைல்ஸ்மேல் ஒட்டிக்கொண்டு முதல் மழைக்கே துருப்புள்ளி தெரியும். ஜன்னல் கண்ணாடியிலும் பொறி பதியும், அது போகவே போகாது.

பெருந்துறை மாடி:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ரொம்ப நன்றி. இன்று 105×1.2×16, ஏ 60 டி பிஎஃப் பத்து வாங்கினேன். கடையில் முதலில் எடுத்துக் கொடுத்த பாக்கெட்டில் தேதி போன வருஷமே முடிந்திருந்தது. வளையத்தைக் காட்டினதும் அவரே உள்ளே போய் வேறு எடுத்து வந்தார்; இதை யாரும் பார்ப்பதில்லை என்றார்.

ஒரு வீலில் பதினேழு வெட்டு வந்தது அண்ணா! ஓரம் நீலமாகவில்லை. பிசிறு இருக்கிறது, ஆனால் ஃபிளாப் டிஸ்க் ஒரு தடவு தடவினால் போய்விடுகிறது. இரண்டு சந்தேகம். வீல் பாதி தேய்ந்ததும் வெட்டு மெதுவாகிறதே, அது சரியா? அப்புறம், நட்டை எவ்வளவு இறுக்கினாலும் வீல் லேசாக ஆடுகிறது.

துவாக்குடி பட்டறை:

வீல் ஆடினால் மிஷினைப் போடாதீர்கள், முதலில் அதைப் பாருங்கள். நட்டைக் கழற்றி இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் நடுவில் சின்ன மேடு இருக்கும், மறுபக்கம் தட்டை. 6 மி.மீ. கிரைண்டிங் வீலுக்கு மேடு வீல் பக்கம் வரும். 1.2 வீலுக்கு அப்படியே போட்டால் மேடு முதலில் முட்டிக்கொண்டு வீலைப் பிடிக்காமல் விட்டுவிடும். நட்டைக் கவிழ்த்து, தட்டைப் பக்கம் வீலைத் தொடுகிற மாதிரி போடுங்கள். ஸ்பேனரால் அளவாக இறுக்கினால் போதும், சுத்தியலால் தட்ட வேண்டாம். மாட்டின பிறகு ஆட்களை விலகச் சொல்லிவிட்டு, நீங்களும் வீலுக்கு நேரே நிற்காமல் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள். உதறல் இல்லையென்றால் வேலையைத் தொடங்கலாம்.

மெதுவாவது இயற்கைதான். சுற்று அதே 11,000, ஆனால் வீல் சின்னதாகிவிட்டதால் விளிம்பின் வேகம் இறங்கிவிடுகிறது. 105 மி.மீ. வீல் 75 ஆகும்போது விநாடிக்கு 60 மீட்டர் 43 ஆகிவிடும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். 40×40-க்குப் புது வீல், தேய்ந்ததை 25×25-க்கு வையுங்கள். தகரக் கூரைக்கு அடிக்கிற ஜே போல்ட்டின் மிச்சத்தை நறுக்கவும் அதுவே போதும். பதினேழு வெட்டு நல்ல கணக்கு, கை பழகினால் இன்னும் வரும்.

பெருந்துறை மாடி:

நட்டைக் கவிழ்த்துப் போட்டேன் அண்ணா, ஆட்டம் நின்றுவிட்டது. தூண் நாலும் வெட்டியாயிற்று. நாளைக்கு வெல்டர் வருகிறார்.

துவாக்குடி பட்டறை:

நல்லது தம்பி. தூண் நிற்கிற இடத்தில் அடியில் 6 மி.மீ. பிளேட் போடச் சொல்லுங்கள். அந்தப் பிளேட்டை 1.2-இல் வெட்டாதீர்கள், கடையிலேயே வெட்டித் தருவார்கள்.