வேலையோடு கல்வி டிப்ளோமா: நகரப் பாடசாலை அனுபவங்கள்

விஞ்ஞான ஆசிரியை, மட்டக்களப்பு

பாடசாலை வேலையை விடாமல் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடிக்க முடியுமா என்று பலர் கேட்கிறீர்கள். முடியும். நேரம் எப்படிக் கிடைத்தது என்று விவரிக்கப் போவதில்லை, கிடைக்கவில்லை, பிடுங்கினேன். வீட்டுக்காரரும் மாமியும் சமையலறையைப் பொறுப்பேற்றார்கள். சனி, ஞாயிறில் எந்தக் கல்யாண வீட்டிலும் என்னைக் காண முடியாது என்பதற்கு உறவினர்கள் பழகிவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. படித்துக்கொண்டே கற்பிப்பவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விரிவுரையில் கேட்டது செல்லுமா செல்லாதா என்பது திங்கட்கிழமை முதலாம் பாடவேளையிலேயே தெரிந்துவிடும். லீவு எடுத்துப் படித்தவர்களுக்கு இது வாய்ப்பதில்லை.

முதல் நியமனம் எனக்குப் படுவான்கரையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் முன்னர், துறையில் பாதைக்கு (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு) காத்திருந்து, மோட்டார் சைக்கிளையும் அதில் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்த காலம் அது. அங்கே வரவு குறைவு; அறுவடை தொடங்கினால் வகுப்பு பாதியாகிவிடும். ஆனால் மேசையில் ஒரு முகவையை (பீக்கரை) வைத்தாலே போதும், பிள்ளைகள் எழுந்து வந்து சூழ்ந்துகொள்வார்கள். பிறகு இடமாற்றம் நகரத்துக்கு. இங்கே ஒரு வகுப்பில் நாற்பதுக்கும் மேல். அத்தனை பேரும் வருகிறார்கள், கிட்டத்தட்ட அத்தனை பேருக்கும் பாடம் ஏற்கெனவே தெரியும். பின்னேர ரியூசனில் எங்களுக்கு ஒரு தவணை முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

2007 சீர்திருத்தத்தோடு எங்கள் பாட வழிகாட்டிகளுக்கு வந்த 5 'ஈ' முறையை (ஆங்கிலத்தில் E எழுத்தில் தொடங்கும் ஐந்து கற்பித்தல் படிகள்) விரிவுரையில் மீண்டும் விரிவாகப் படித்தோம். ஈடுபடுத்தல்தான் முதற்படி, பிள்ளையின் மனத்தில் ஒரு புதிரைப் போட வேண்டும். தரம் 9இல் அடர்த்திப் பாடம். "இரும்பாணி தாழ்கிறது, இரும்புக் கப்பல் மிதக்கிறது, ஏன்?" என்று கேட்டேன். கேள்வி முடியும் முன்பே முன்வரிசை வரைவிலக்கணத்தைப் பாட்டுப்போல ஒப்புவித்தது, அலகு உட்பட. புதிர் அரை நிமிடத்தில் செத்துப்போனது. அடுத்த வார இறுதியில் விரிவுரையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் உளவியலாளர் வைகோட்ஸ்கியின் அண்மைய விருத்தி வலயத்தை (பிள்ளை தனியே செய்யக்கூடியதற்கும் உதவியோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பகுதியை) பலகையில் வரைந்துவிட்டு, "அவர்களுக்குத் தெரிந்ததையே புதிர் என்று கேட்டால் அது புதிராகுமா, மிஸ்?" என்றார். கோபம் வந்தது. கோட்பாடு சொல்வது அவருக்குச் சுலபம், வகுப்பு என்னுடையது. ஆனால் கேள்வி சரியானதுதான்.

ஆகவே ரியூசன் குறிப்பில் இல்லாத ஒன்றைத் தேடினேன். அது வாவியில் கிடைத்தது. மாரி மழை விட்டிருந்தது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருந்தது. முகத்துவாரப் பக்கத் தண்ணீர் ஒரு போத்தலிலும் உள்ளே தள்ளியிருக்கும் வலையிறவுப் பாலத்தடித் தண்ணீர் இன்னொரு போத்தலிலும் வந்தன. குளிர்பானம் உறிஞ்சும் குழாயின் அடியை மெழுகால் அடைத்து, நிமிர்ந்து நிற்கச் சில குண்டூசிகளைப் போட்டால் அதுவே நீரமானி. எந்தத் தண்ணீரில் குழாய் உயர்ந்து நிற்கும் என்று எழுதச் சொன்னேன். முன்வரிசை தடுமாறியது; வரைவிலக்கணம் தெரிந்தவர்களுக்கு இரண்டும் வாவித் தண்ணீர்தானே. கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பையன், தகப்பன் வீச்சுவலைக்காரர், ரியூசன் பக்கம் போகாதவன், "முகத்துவாரத் தண்ணிதான் கனம், மிஸ்" என்றான். குழாய்கள் சில மில்லிமீற்றர்தான் வித்தியாசப்பட்டன. அந்தச் சில மில்லிமீற்றரை அளக்க ஒரு பாடவேளை போய்விட்டது.

டிப்ளோமாவின் ஓர் அங்கமான என் கற்பித்தல் பயிற்சியைப் பார்க்க மேற்பார்வையாளர் வந்த நாளில்தான் இது நடந்தது. இடையில் ஒரு பிள்ளை கேட்டாள்: "வெள்ளத்துக்கு முகத்துவாரத்தை வெட்டினால் தண்ணீர் வெளியேதானே போகிறது, உப்பு எப்படி உள்ளே வரும்?" பாடக் குறிப்பில் அது இல்லை. வெள்ளம் வடிந்து வாவியின் மட்டம் இறங்கிய பிறகு வற்றுப்பெருக்கோடு கடல் உள்ளே வருவதைக் கரும்பலகையில் வரைந்து காட்டச் சொல்லி அந்தப் பையனையே எழுப்பிவிட்டேன். குறிப்பை விட்டு விலகியதற்குப் புள்ளி குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

கணித ஆசிரியர், கல்முனை

மிஸ், ரியூசனை இப்படி எதிரியாக்கலாமா? நானும் பின்னேரம் ரியூசன் கொடுப்பவன்தான். சம்பளத்தை மட்டும் நம்பினால் வீட்டு லோன் கட்ட முடியாது.

ஆனால் டிப்ளோமாவுக்காக என் வகுப்பிலேயே செய்த செயல்நிலை ஆய்வு உங்கள் பக்கம்தான் பேசுகிறது. தரம் 10 மாணவர்களிடம், கேட்க வெட்கப்படும் கேள்விகளைப் பெயர் போடாமல் ஒரு பெட்டியில் இடச் சொன்னேன். இருபடிச் சமன்பாட்டைப் பற்றிய சந்தேகங்கள் வரும் என்று காத்திருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை பின்னக் கூட்டலும் மறை எண்களும். முன்னால் ஓடுகிற பிள்ளைகள்தான், கால் ஊன்றிய இடம் மட்டும் தரம் 6. அந்தப் பெட்டி இன்றைக்கும் வகுப்பில் இருக்கிறது. டிப்ளோமாவில் எனக்கு மிஞ்சிய உருப்படியான பொருள் அதுதான்.

இன்னொன்று: டிப்ளோமாவுக்கு நாம் கொடுக்க வேண்டிய ஒப்படைகளை எழுதிக் கொடுக்கும் கடைகளை நம்பாதீர்கள். எங்கள் அணியில் ஒருவர் காசு கொடுத்து வாங்கிய ஒப்படையில் வேறொரு மாவட்டத்துப் பாடசாலையின் பெயர் அப்படியே இருந்தது. நோன்பு காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. ஒப்படைகளை அப்போது நானே எழுதி முடித்தேன். சஹர் உணவுக்கு எழும்பினால் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வீடு அமைதியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற அதிபர், காரைதீவு

பிள்ளைகளே, வேலையோடு படிப்பது உங்கள் தலைமுறையின் கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் ஊரில் 1892இல் பிறந்த மயில்வாகனனார், பின்னாளில் விபுலாநந்த அடிகள், ஆசிரியரான பிறகுதான் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் தேறினார், இலண்டன் பீ.எஸ்ஸி. பட்டத்தையும் ஆசிரியப் பணிக்கிடையிலேயே பெற்றார். அவருக்கு ஒப்படைக் கடை இருக்கவில்லை. (அவருக்குச் சமைக்க வேண்டியிருக்கவில்லை என்று என் மனைவி இதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறா. அதையும் எழுதிவிடுகிறேன்.)

பட்டதாரி ஆசிரியை, அக்கரைப்பற்று

அக்கா, அடுத்த அணியில் சேரப் போகிறேன். கற்பித்தல் பயிற்சிக்கு அதிபர் வகுப்புத் தருவாரா? எனக்கு இப்போது பாதிப் பாடவேளைகள் என் பாடமே இல்லை.

விஞ்ஞான ஆசிரியை, மட்டக்களப்பு

தங்கச்சி, அதை இப்போதே பேசி வையுங்கள். நேரசூசி போட்ட பிறகு கேட்டால் எந்த அதிபராலும் மாற்றித் தருவது கஷ்டம். தவணை தொடங்கும் முன், சேர்ந்ததற்கான கடிதத்தோடு போய், உங்கள் பாடத்தில் ஒரு வகுப்பையாவது கேளுங்கள். முடிந்தால் இரட்டைப் பாடவேளையாகக் கேளுங்கள். நாற்பது நிமிடத்தில் நாற்பது பிள்ளைகளைக் குழுவாக்கி இருத்தவே பாதி நேரம் போய்விடும். நேரசூசி போடும் உப அதிபர் யாரென்று தெரிந்தால் முதலில் அவரிடம் போங்கள்.