பர்வதமலை ஏற எந்த வழி நல்லது?

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலைக்கு அம்மாவைக் கூட்டிப்போக வேண்டும். மலை உச்சிக் கோயிலில் இருக்கும் சிவன், மல்லிகார்ஜுனரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சங்ககால மன்னன் நன்னன் ஆண்ட நவிரமலை இதுதான் என்பார்கள். அதனால் எனக்கும் ஆசை.

அம்மாவுக்கு வயது 61. சமதரையில் நன்றாக நடப்பார், இறங்கும்போதுதான் இடது முழங்கால் பிடித்துக்கொள்ளும். தென்மகாதேவமங்கலம் பக்கம் படிகள் உண்டு, கடலாடி பக்கம் காட்டுப்பாதை. இதில் எது அவருக்குத் தோதுப்படும்?

எப்படிப் போனாலும் கடைசியில் அந்தக் கடப்பாரைப் படி இருக்கிறதே, அதுதான் பயம். பாறையில் அடித்த கம்பியைப் பிடித்து, சங்கிலியோடு ஏற வேண்டும். அதைத் தவிர்த்து, அங்கிருக்கும் ஏணி வழியாகவே போய்விடலாமா? பெரியவர்களோடு ஏறியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். அப்புறம், தண்ணீர் எவ்வளவு சுமக்க வேண்டும்?