நண்பரிடம் கொடுத்த கார் விபத்தில் சிக்கினால் உரிமையாளருக்கு எவ்வளவு பொறுப்பு?

கேள்வி (பேட்டையிலிருந்து)

தம் தாயாரைப் பாபநாசம் கோயிலுக்கு அழைத்துச் செல்ல நண்பர் கேட்டதால், வாடகை எதுவும் வாங்காமல் என் காரைக் கொடுத்தேன். திரும்பும் வழியில் சுத்தமல்லி அருகே அது மோட்டார் சைக்கிளில் மோதியதில், அதை ஓட்டிவந்தவருக்குக் காலெலும்பு முறிந்து, ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார். முழுக் காப்பீடு என் பெயரில் நடப்பில் உள்ளது. ஆனால் நண்பரின் ஓட்டுநர் உரிமம் காலாவதியானதை விபத்துக்குப் பிறகே அறிந்தேன். உரிமம் உள்ள என் தம்பி ஓட்டியதாகச் சொல்லிவிடுமாறு உறவினர்கள் கூறுகிறார்கள். காரில் இல்லாத நான் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவேனா?

மறுமொழி (வழக்கறிஞர், பாளையங்கோட்டை)

கவனக்குறைவாக ஓட்டியதற்கான குற்ற வழக்கு ஓட்டியவர் மீதுதான் வரும். இழப்பீடு வேறு. காயமடைந்தவர் மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் மனுச் செய்யும்போது, ஓட்டியவர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பதே வழக்கம். உங்கள் அனுமதியுடன் ஓட்டியதால் உங்களுக்கும் பொறுப்பு உண்டு.

பாலிசி நடப்பில் இருப்பதால், சாதாரணமாக அந்தத் தொகையை நிறுவனமே செலுத்தும். இங்கே சிக்கல் உரிமம்தான். நிறுவனம் முதலில் செலுத்திவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டால், முழுச் சுமையும் உங்கள் தலையில் விழும். ஆயினும் 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிமம் செல்லாது என்பது மட்டும் போதாது, உரிமையாளர் உரிய கவனம் எடுக்கத் தவறினார் என்பதையும் நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. ஆகவே கார் கொடுக்கும் முன் அவருடைய உரிமத்தைப் பார்த்தீர்களா என்பதே முக்கியம்.

ஆளை மாற்றிச் சொல்ல ஒருபோதும் இணங்காதீர்கள். அது பொய்ச் சாட்சியம். வெளிப்பட்டால் உங்கள் தம்பியும் குற்றவாளியாவார், காயமடைந்தவருக்கு வரவேண்டிய தொகையும் இழுபடும்.

மறுமொழி (காப்பீட்டு முகவர், வள்ளியூர்)

அண்ணாச்சி, நிறுவனத்துக்கு உடனே தகவல் கொடுங்கள். செல்லுபடியாகும் உரிமம் உள்ளவரே ஓட்ட வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை என்பதால், உங்கள் காரின் சேதத்துக்கான கோரிக்கையை நிராகரிக்க வாய்ப்பு அதிகம். பாலிசியில் உள்ள 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளரே ஓட்டும்போதுதான் பொருந்தும். நண்பருக்கு அது உதவாது.

கேட்டவர்

சென்ற ஆண்டு இதே காரை அவர் ஓட்டியபோது உரிமத்தைப் பார்த்தேன். அப்போது அது செல்லுபடியாக இருந்தது. இம்முறை கேட்கவில்லை.

வழக்கறிஞர்

அதை உள்ளபடியே பதிலுரையில் எழுதுங்கள்; எவ்வளவு ஏற்பது என்பதைத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். அழைப்பாணை வந்ததும் கட்டாயம் ஆஜராகுங்கள். ஓட்டியவர் வேறொருவர்தானே என்று உரிமையாளர் வராமல் இருந்துவிட்டால், அவரது தரப்பைக் கேட்காமலேயே வசூல் உத்தரவு பிறக்கும்.