பொள்ளாச்சிச் சந்தைக்கு அம்மாவை அழைத்துச் செல்ல வேண்டும்: ஆலோசனை தேவை

ஈசூன் மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு இப்போது 76 வயது. ஆனைமலைக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்து, திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவர். வியாழக்கிழமைகளில் தாத்தா மாட்டை ஓட்டிக்கொண்டு விடியுமுன்பே பொள்ளாச்சிச் சந்தைக்குப் புறப்படுவார் என்றும், மாடு விலைபோய்விட்டால் அதன் கயிற்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவார் என்றும் அம்மா சொல்லக் கேட்டே நான் வளர்ந்தேன். அந்தச் சந்தையை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. என் மகனுக்கு 11 வயது. தேங்காய் என்றால் அவனுக்குத் தேக்கா சந்தையில் துருவி வாங்கும் பொருள்தான், தோப்பு என்ற ஒன்றை அவன் கண்டதில்லை.

ஐந்து இரவுகள் தங்க எண்ணியிருக்கிறோம். ஜூன் விடுமுறையில் போவதா, டிசம்பரிலா? மூட்டுவலி உள்ள அம்மாவால் மாட்டுச் சந்தைக்குள் நடக்க முடியுமா? மலைமேல் இருக்கும் டாப்சிலிப், வால்பாறை இரண்டையும் இதே பயணத்தில் பார்த்துவிடலாமா? சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கொங்குக்காரன்:

வணக்கம், சகோதரி. என் சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாட்டுச் சந்தை செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் கூடுகிறது. அம்மாவின் நினைவில் இருப்பது வியாழக்கிழமை என்பதால், புதன்கிழமை இரவே பொள்ளாச்சியில் தங்கிவிட்டு, வெயில் ஏறுமுன் சந்தைக்குப் போய்விடுங்கள். தரை மேடு பள்ளமாகவும் சாணமும் சேறுமாகவும் இருக்கும். கயிற்றை இழுத்துக்கொண்டு மிரளும் மாடுகளுக்கு நடுவே மூட்டுவலி உள்ளவர் நடப்பது நல்லதன்று. ஓரமாக நிழலில் ஒரு நாற்காலி போட்டு அமர வைத்துவிட்டு, மகனை மட்டும் உள்ளே அழைத்துச் செல்லுங்கள். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பதையும், உடலில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்துச் சுழி பார்ப்பதையும், தரகர்கள் துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டு விரல்களைப் பிடித்தே விலை பேசுவதையும் பொறுமையாக நின்றால் அவன் காணலாம். சந்தைக்கு வரும் மாடுகளில் பெரும்பகுதி இறைச்சிக்காகக் கேரளத்துக்குப் போகிறவை; இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாத்தா காலத்தில் உழவு மாடும் வண்டி மாடும் கைமாறிய இடம் அது. இன்று உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது என்பதை அம்மாவும் மனத்தில் ஏற்றுக்கொண்டு வந்தால் நல்லது.

இந்த ஊரில் இவ்வளவு பெரிய சந்தை அமைந்ததற்குக் காரணம் நிலம்தான். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர் போல நீண்டு கிடக்க, பாலக்காட்டில் மட்டும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருக்கிறது. கொங்கு நாட்டுக்கும் சேர நாட்டுக்கும் இடையே மிளகும் துணியும் பொன்னும் போய்வந்த வழி அதுவே. பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் ரோமானியக் காசுகள் பொள்ளாச்சியில் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அன்று வணிகச் சாத்துகள் போன அதே திசையில்தான் இன்று மாடும் இளநீரும் வெல்லமும் லாரியில் போகின்றன. அதே கணவாய் வழியாகத்தான் தென்மேற்குப் பருவக் காற்றும் சாரலும் ஊருக்குள் நுழைகின்றன. ஆகவே ஜூன் மாதத்தில் பொள்ளாச்சி குளுகுளுவென்று இருந்தாலும், மலைமேல் வால்பாறையில் மழை விடாமல் கொட்டும். உங்களுக்கு டிசம்பரின் பிற்பகுதியே ஏற்றது.

போகும் வழி எளிது. கோயம்புத்தூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து பொள்ளாச்சி ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான்.

பொங்கோல் ஆசிரியை:

மலைப் பகுதியைப் பற்றி நான் சொல்கிறேன். நாங்கள் சென்றபோது வாடகை வண்டி ஏற்பாடு செய்த முகவர் ஒருவர் ஒரே நாளில் டாப்சிலிப், ஆழியாறு, வால்பாறை மூன்றையும் காட்டிவிடுவதாகச் சொன்னார். அவரை நம்பியதன் விளைவாக எதையும் நின்று பார்க்க முடியவில்லை. ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் என் மாமியார் வாந்தியெடுத்து மிகவும் துவண்டுவிட்டார். உங்கள் அம்மாவை நினைத்து, வால்பாறையை இந்த முறை விட்டுவிடுங்கள் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். அடிவாரத்தில் ஆழியாறு அணைக்கரையில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தாலே மலை முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும்.

டாப்சிலிப்புக்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். சேத்துமடைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். காட்டுக்குள் சுற்றிப் பார்க்க வனத்துறையின் வண்டியில்தான் செல்ல வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சறுக்கி விட்ட இடம் என்பதால்தான் அந்தப் பெயர். இப்படி வெட்டி வெட்டி மொட்டையான காட்டை மீண்டும் தேக்கால் நிரப்பிய ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை அங்கேயே, மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. அவர் 1933-இல் மறைந்தார். கோழிகமுத்தி யானைகள் முகாமுக்குப் போக அனுமதி இருந்தால் மகனைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். இன்னொரு செய்தி அவனுக்கு வியப்பாக இருக்கும்: பக்கத்திலுள்ள பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரளத்தில் இருந்தாலும் அதற்கான சாலை தமிழ்நாட்டின் டாப்சிலிப் வழியாகவே போகிறது.

ஈசூன் மகள்:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வால்பாறையை விட்டுவிடச் சம்மதித்துவிட்டார். ஆனால் ஆனைமலை மாசாணியம்மனைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்கிறார். தோப்புக்குள் போய்ப் பார்க்க யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

கொங்குக்காரன்:

மாசாணியம்மன் கோயிலை டாப்சிலிப் போகும் நாளிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அம்மன் 17 அடி நீளத்தில் படுத்த கோலத்தில் இருப்பார். பொருளைப் பறிகொடுத்தவர்கள் நீதி கேட்டு மிளகாய் அரைத்துப் பூசும் கல்லையும் அங்கே காணலாம். வெள்ளி, செவ்வாய்க் கிழமைகளிலும் அமாவாசையிலும் கூட்டம் நெரியும். அம்மாவுக்காக வேறு நாளில் செல்லுங்கள்.

தோப்பு என்பது ஒருவருடைய வீட்டு வாசல் மாதிரி. கேட்காமல் நுழையாதீர்கள், கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கொப்பரை காய்கிற களத்தையும் நார் பிரிக்கிற இடத்தையும் அவர்களே காட்டுவார்கள். ஓலையின் அடியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல இருப்பதைப் பார்த்தால் அதைப் பற்றிக் கேளுங்கள். அது 2016-இல் இப்பகுதிக்கு வந்த சுருள் வெள்ளை ஈ. வாடல் நோயும் சேர்ந்துகொண்டதால், பல ஆண்டுகள் வளர்த்த மரங்களைத் தங்கள் கையாலேயே வெட்டிச் சாய்த்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் பத்து நிமிடம் நின்று பேசிவிட்டு, ஓர் இளநீர் குடித்து, கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஈசூன் மகள்:

அப்படியே செய்கிறோம். டிசம்பர் மூன்றாம் வாரத்துக்கு, புதன்கிழமை வந்திறங்கும்படி பயணச்சீட்டு எடுக்கப் போகிறேன். மாட்டுக்கயிறு விற்கும் கடை சந்தையில் இன்னும் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

கொங்குக்காரன்:

இருக்கிறது. கயிறு, சலங்கை, சாட்டை எல்லாம் சந்தை ஓரத்திலேயே வாங்கலாம்.