கிளீனர் அடிச்ச மறுநாள் ஏற்காடு ஏத்தத்துல இன்ஜின் லைட் மினுக்குது – என்ன பண்ணலாம்?

கோரிமேடு வண்டி:
2018 மாடல், 1.2 பெட்ரோல், நாலு சிலிண்டர், பிஎஸ்4, மேனுவல் கியர், 62,000 கிலோமீட்டர்.

ஞாயித்துக்கிழமை மதியம் ஏர் ஃபில்டர் குழாயைக் கழட்டி, த்ராட்டில் பாடியில (இன்ஜினுக்குக் காத்தை அளவா விடுற தட்டு இருக்கிற இடம்) கிளீனர் அடிச்சு துடைச்சேன். கையோட பானெட்டுக்குள்ள டீகிரீசர் நுரையும் அடிச்சு, போர் தண்ணி ஓஸ்ல அலசிட்டேன். சாயங்காலம் ஸ்டார்ட் ஆச்சு, ஆனா ஐடிலிங் 1,200-லயே நிக்குது. முன்னாடி 750 இருக்கும்.

திங்கள் காலையில சேலம் அஸ்தம்பட்டி வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. அடிவாரம் தாண்டி மூணு கொண்டை ஊசி ஏறினதும் வண்டி குலுங்குது, பிக்கப் இல்ல, மஞ்சள் லைட் விட்டு விட்டு மினுக்குது. திருப்பி இறங்கும்போது மினுக்கல் நின்னு லைட் நிலையா எரிஞ்சது. இப்போ வீட்டுல நிக்குது. பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினா சரியாகுமா?

சேர்வராயன்:
வயரைத் தொடாதீங்க. கழட்டினா கோளாறு கோடும் (எரர் கோட்) போயிரும், லைட் எரிஞ்ச நேரத்துல ஈசியூ (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) எடுத்து வச்ச ஃப்ரீஸ் ஃப்ரேம் கணக்கும் போயிரும். கைவசம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

லைட் நிலையா எரிஞ்சா 'சீக்கிரம் பாரு'ன்னு அர்த்தம். மினுக்கினா அர்த்தமே வேற: எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகுது, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளே போய் எரியுது, அது வெந்து உருகுற அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கு. அந்த நிலையில ஏத்தத்துல ஆக்சிலேட்டரை மிதிக்கவே கூடாது. திருப்பினது சரியான முடிவு.

இறங்கும்போது மினுக்கல் நின்னதை நம்பாதீங்க. ரெண்டாவது கியர்ல காலை எடுத்து இறங்கினா ஈசியூ பெட்ரோலையே நிறுத்திரும். எரிய வேண்டியதே இல்லாதப்போ எரியலைன்னு அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஸ்டியரிங்குக்குக் கீழே கோளாறு கோடைப் படிக்கிற 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். ப்ளூடூத் ரீடர் மாட்டி கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம் ரெண்டையும் எழுதிப் போடுங்க. 'அழி' பட்டனை இப்போ அமுக்காதீங்க.

ஜங்ஷன் ரைடர்:
ஏர் ஃபில்டர் ஓஸ் சரியா மாட்டியிருக்க மாட்டீங்க ப்ரோ. காத்து லீக். மிக்சர் லீன் ஆகி (பெட்ரோல் குறைஞ்சு) மிஸ் அடிக்குது. கிளிப்பை இறுக்குங்க, முடிஞ்சது.

கோரிமேடு வண்டி:
ரெண்டு கோடு வந்திருக்கு: பி0303, பி0507.
ஃப்ரீஸ் ஃப்ரேம் (பி0303): 2,600 ஆர்பிஎம், 28 கிமீ வேகம், லோடு 88 சதவீதம், கூலண்ட் 91 டிகிரி, மேப் (இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தம்) 89 கிலோபாஸ்கல்.
கிளிப்பை இறுக்கிப் பாத்தாச்சு, மாற்றம் இல்ல.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
இது ரெண்டு தனித்தனி கோளாறுங்க தம்பி, ஒண்ணாப் போட்டு குழப்பிக்காதீங்க. பி0303-ன்னா மூணாவது சிலிண்டர் மட்டும் மிஸ். டைமிங் செயின் பக்கத்துல இருந்து எண்ணுங்க. பி0507-ன்னா ஐடிலிங் இருக்க வேண்டியதை விட அதிகம். முதல்ல மிஸ்ஸிங்கைப் பாருங்க, கன்வெர்ட்டர் போனா செலவு தாங்காது.

காத்து லீக்னா பெரும்பாலும் நாலு சிலிண்டரும் கொஞ்சம் கொஞ்சம் தடுமாறி பி0300 (குறிப்பிட்ட சிலிண்டர்னு இல்லாத மிஸ்) வரும். ஒரே சிலிண்டர், அதுவும் தண்ணி அடிச்ச மறுநாள், அதுவும் லோடுல மட்டும்னா பிளக் குழியில தண்ணி நிக்குது. சமதளத்துல சிலிண்டருக்குள்ள அழுத்தம் குறைவு, பொறி சுலபமாத் தாவிரும். ஏத்தத்துல அழுத்தம் ஏறுது, தாவ அதிக வோல்டேஜ் வேணும். அந்த வோல்டேஜுக்கு ஈரமான ரப்பர் பூட் வழியா ஹெட்டுக்கு ஓடுறது இன்னும் சுலபமான வழி. அதான் அஸ்தம்பட்டியில நல்லா ஓடின வண்டி கொண்டை ஊசியில மிஸ் ஆகுது. போர் தண்ணியில உப்பு வேற. காஞ்சாலும் வெள்ளைப் படிவம் நின்னு கரன்டைக் கடத்தும்.

இன்ஜின் நல்லா ஆறட்டும். சாவியை எடுத்திருங்க. பிளக்குக்கு மேல உக்காந்து பொறிக்குக் கரன்ட் கொடுக்கிற காயிலோட கனெக்டர் லாக்கை அமுக்கி இழுங்க, வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. 10 எம்எம் போல்ட் ஒண்ணுதான். காயிலைக் கொஞ்சம் திருகி, நேரா மேல தூக்குங்க.

குழியில தண்ணி இருந்தா அப்படியே பிளக்கைக் கழட்டிராதீங்க; தண்ணியும் மண்ணும் சிலிண்டருக்குள்ள போயிரும். முதல்ல வேஸ்ட் துணியை நீள ஸ்க்ரூ டிரைவர்ல சுத்தி ஒத்தி எடுங்க. மிச்சத்துக்கு பஞ்சர் கடை காத்து போதும், கண்ணை மூடிக்கிட்டு. அப்புறம்தான் பிளக். திரும்பப் போடும்போது கையாலயே, வாஷர் ஹெட்டுல உக்காருற வரைக்கும் திருகுங்க. வாஷர் வச்ச புது பிளக்னா அதுக்கு மேல அரைச் சுற்று. பழைய பிளக்னா வாஷர் ஏற்கனவே நசுங்கியிருக்கும், கடிகாரத்துல ஒரு மணி தூரம் திருகினா போதும். அலுமினியம் ஹெட்டு, முரட்டுத்தனம் வேண்டாம்.

காயிலோட அந்த ரப்பர் பூட்டைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்துல பாருங்க. தலைமுடி மாதிரி கறுப்புக் கோடு இருந்தா பொறி அந்த வழியா ஓடியிருக்கு. அதைத் துடைச்சாலும் திரும்ப வரும்.

சேர்வராயன்:
இதோட ஒரு சோதனையும் பண்ணுங்க: மூணாம் நம்பர் காயிலை ஒண்ணுலயும், ஒண்ணாம் நம்பரை மூணுலயும் மாத்தி மாட்டுங்க. மறுபடி மிஸ் ஆகி பி0301 வந்தா காயில்தான் கோளாறு. பி0303-ஆவே நின்னா பிளக் அல்லது இன்ஜெக்டர் பக்கம் பாக்கணும். காசில்லாத சோதனை.

டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை பலமா அடிச்சா ஆயில் மாத்தணும்.

கோரிமேடு வண்டி:
மூணாம் குழியில அரை ஸ்பூன் அளவு தண்ணி. நாலாம் குழியில ஓரத்துல ஈரம். ஒண்ணு, ரெண்டு காய்ஞ்சிருக்கு. துடைச்சு, காத்து அடிச்சு, காயிலை மாத்தி மாட்டிட்டேன். மூணாம் காயில் பூட்ல லேசா ஒரு கோடு தெரியுது, அழுக்கா விரிசலான்னு புரியல. ஆயில்ல வாடை இல்ல. ஐடிலிங் மட்டும் இன்னும் 1,150.

ஜங்ஷன் ரைடர்:
அப்போ ஐடிலிங்குக்காவது காத்து லீக்தானே? ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்) பிளஸ் 20 காட்டும் பாருங்க.

சேர்வராயன்:
லீக்கா இருக்கலாம், ஆனா ட்ரிம்ல தெரியும்னு எதிர்பாக்காதீங்க. ட்ரிம் பிளஸ் ஏறுறது மாஃப் சென்சார் (உள்ளே போற காத்தை அளக்கிறது) வச்ச வண்டியில. அதுல சென்சார் எண்ணாத காத்து உள்ளே வருது, பெட்ரோல் பத்தாம போகுது. இந்த வண்டியில மேப் சென்சார், அது மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்குது. த்ராட்டிலுக்கு அப்புறம், இன்ஜின் பக்கம் லீக் ஆனா அழுத்தம் ஏறும், ஈசியூ அதுக்கேத்த மாதிரி பெட்ரோலும் கூட்டிரும். மிக்சர் சரியாவே இருக்கும், ஆர்பிஎம் மட்டும் ஏறும். த்ராட்டிலுக்கு முன்னாடி இருக்கிற குழாய் லூசா இருந்தா ஐடிலிங்கே மாறாது, வடிகட்டாத தூசிதான் போகும். நீங்க இறுக்கச் சொன்ன கிளிப் அங்கதான் இருக்கு.

லீக்கைப் பிடிக்க கிளீனரைச் சுத்தி அடிச்சுப் பாக்கிற பழக்கத்தை விடுங்க. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்துல அது தீப்பிடிக்கும். பிசிவி ஓஸ்ல (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை இன்டேக்குக்குக் கொண்டு போறது) துணி சுத்தி, பிளையர்ல மெதுவா நசுக்கிப் பிடிங்க. ஆர்பிஎம் சட்டுனு இறங்கினா அந்த வழியில லீக்.

மேப் சென்சாரையும் ஒரு நிமிஷத்துல சரிபார்க்கலாம். ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன்ல வச்சா, வெளிக்காத்தோட அழுத்தத்தைக் காட்டணும். சேலத்துல 98 கிலோபாஸ்கல் பக்கம். (ஏற்காட்டுல, 1,500 மீட்டர் உயரத்துல, 84-85 காட்டும், அங்க பாத்துட்டு சென்சார் போச்சுன்னு மாத்திராதீங்க.)

கோரிமேடு வண்டி:
சாவி ஆன்: 98. ஓஸை நசுக்கினா 1,150 அப்படியே நிக்குது. பிரேக் பூஸ்டர் ஓஸையும் நசுக்கிப் பாத்தேன், மாற்றம் இல்ல.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
அப்போ லீக் இல்லீங்க, பழைய கணக்கு. தட்டு ஓரத்துல கார்பன் படியப் படிய, காத்து பத்தலைன்னு ஈசியூ தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து வச்சுப் பழகியிருக்கும். நீங்க ஒரே நாள்ல கார்பனை எடுத்துட்டீங்க. அதே திறப்புல இப்போ காத்து அதிகமாப் போகுது. புதுசாக் கத்துக்க விடணும்.

கோடுகளை எழுதிக்கிட்டு இப்போ ரீடர்ல அழிங்க. ஏசி, ஹெட்லைட், ஃபேன் எல்லாம் ஆஃப். சாவியை ஆன்ல 30 விநாடி, பெடலைத் தொடாம. ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விடுங்க. ஸ்டார்ட் பண்ணி, பெடலைத் தொடாம, ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் விடுங்க. அப்புறம் ஏசி போட்டு அஞ்சு நிமிஷம். சில மாடல்ல ஸ்கேனர்ல 'த்ராட்டில் ரீலேர்ன்' கொடுத்தாத்தான் ஈசியூ கத்துக்கும், இதுல ஐடிலிங் இறங்கலைன்னா அதைச் செய்யச் சொல்லுங்க.

ஒரு கேள்வி: துடைக்கும்போது சாவி ஆன்ல இருந்துச்சா? தட்டை விரலால தள்ளினீங்களா? மோட்டார் வச்ச த்ராட்டில்ல அது கூடாது, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரம் போயிரும். கிளீனரைத் துணியில அடிச்சுத் துடைக்கணும், நேரா பீச்சினா தண்டு வழியா சென்சார் பக்கம் இறங்கும்.

கோரிமேடு வண்டி:
சாவி ஆஃப்தான். விரலால தள்ளினது உண்மை, மெதுவா.
சொன்னபடி செஞ்சேன். இரண்டாவது ஃபேன் ஓட்டத்துக்குள்ள 780-க்கு இறங்கிருச்சு. ஏசி போட்டா 900. ஏத்தம் மட்டும் பாக்கி.

சேர்வராயன்:
ஊருக்குள்ள எவ்வளவு சுத்தினாலும் மிஸ்ஸிங்கைச் சோதிச்ச மாதிரி ஆகாது. அதே 2,600 ஆர்பிஎம், அதே லோடு வேணும். காலையில கூட்டம் இல்லாதப்போ அடிவாரத்துல இருந்து அதே மூணு வளைவு ஏறிப் பாருங்க. மினுக்கினா உடனே காலை எடுத்து, இடம் பாத்து திரும்பிருங்க.

கோரிமேடு வண்டி:
ஏறினேன். லைட் வரல. ஆனா மூணாவது வளைவுல ஒரு சின்ன உதறல், ஒரே தடவை. ரீடர்ல நிலுவைக் கோடு (லைட் போடாம ஈசியூ குறிச்சு வச்சது) ஒண்ணு: பி0301.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
மூணாம் காயில் இப்போ ஒண்ணுலதானே இருக்கு? கோளாறு கோடும் கூடவே போயிருக்கு பாருங்க. நீங்க பாத்தது அழுக்கு இல்ல, விரிசல். பூட் தனியாக் கிடைச்சா அது போதும், இல்லைன்னா அந்த ஒரு காயில் மட்டும் மாத்துங்க, நாலையும் மாத்தச் சொன்னா கேக்காதீங்க. புதுசு மாட்டும்போது பூட் உதட்டுக்குள்ள டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (கரன்ட் கடத்தாதது) பட்டாணி அளவு. அடுத்த தடவை பானெட் கழுவுறதுன்னா காயில் மேல பிளாஸ்டிக் கவரைக் கட்டிட்டு ஈரத்துணியால துடைங்க, ஓஸ் வேண்டாம்.

கோரிமேடு வண்டி:
பூட் மட்டும் கிடைச்சுது. நாளைக்கு மாட்டிட்டு ஏறிப் பாத்து சொல்றேன்.