தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர்: வாசலைத் தாண்டவே பயமாக இருக்கிறது

கேட்பவர்: வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. கணவர் காரில் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார். நானும் நான்கு வயது மகளும் மின்கம்பி போட்ட மதிலுக்குள்ளேயே கிடக்கிறோம். நேற்றுப் பால் வாங்கக் கிளம்பினேன். "நடந்தா போகிறீர்கள்?" என்று காவலாளி தடுத்துவிட்டார். தெருவில் ஈ காக்கை இல்லை. நாளை மறுநாள் வாடகை ஒப்பந்தம். கையெழுத்துப் போடலாமா, ஊருக்கே திரும்பிவிடலாமா?

பதில் 1: தங்கச்சி, நாங்கள் வந்த புதிதில் கார் ஏது? பலர் சேர்ந்து போகும் வேனான மினிபஸ் டாக்சிதான். பின்வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தோளைத் தட்டிக் காசைக் கொடுக்க வேண்டும். கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போகும். மீதியும் அதே வழியில் வந்து சேரும். முன் இருக்கையில் மட்டும் உட்காராதே, சில்லறைக் கணக்கு உன் தலையில் விழும்.

பதில் 2: குழந்தையோடு டாக்சியா? வேண்டவே வேண்டாம். அவர்கள் ஓட்டும் வேகம் எனக்குத் தெரியும். எப்பாடுபட்டாவது இன்னொரு கார் வாங்குங்கள்.

பதில் 3: கார் இல்லாதவர் என்ன செய்வார்? ஊரையே அப்படிப் பிரித்துக் கட்டிவிட்டார்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, நம் இந்தியர்களை ஊருக்கு வெளியே சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கிப் போட்டார்கள். சட்டம் 1991-இல் ஒழிந்தது, தூரம் ஒழியவில்லை.

பதில் 2: கார் வாங்கினாலும் நிம்மதி இல்லை. நிறுத்தும் இடமெல்லாம் காரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மேலங்கி மாட்டிக்கொண்டு ஆட்கள் காசுக்கு நிற்கிறார்கள்.

பதில் 3: அவர்களில் பலர் காங்கோவிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள். பெரும்பாலும் நாம் கொடுப்பதுதான் வருமானம். நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களை இப்படிப் பேசாதீர்கள்.

பதில் 4: எந்தப் பகுதி என்று ஒருவரும் கேட்கவில்லையே! வீடு எங்கே அம்மா?

கேட்பவர்: உம்ஷ்லாங்காவில், மேட்டுப் பகுதி அக்கா.

பதில் 4: அங்கே கார் இல்லாமல் காலம் தள்ளுவது கடினம். கையெழுத்துக்கு முன் ஓவர்போர்ட் பகுதியில் வீடு பாருங்கள். ஸ்பார்க்ஸ் சாலையில் நம் கடைகள் உண்டு, பகலில் ஆட்கள் நடமாடுவார்கள். சனிக்கிழமை கணவரோடு வார்விக் பகுதியின் காலைச் சந்தைக்குப் போங்கள். 1910-இலிருந்து நடக்கிறது, கறிவேப்பிலை கிடைக்கும். கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். ஞாயிறு மாலை கடற்கரை நடைபாதை. 1989 வரை வெள்ளையருக்கென்று ஒதுக்கிய மணலில் இன்று சூலு குடும்பங்களும் சாட்ஸ்வொர்த் பாட்டிமாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மகளை அங்கே ஓடவிடுங்கள். ஒப்பந்தத்தில் இடையில் விலகும் நிபந்தனையைப் படியுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 20 வேலைநாள் முன்னறிவிப்போடு விலக வழி உண்டு, ஆனால் வீட்டுக்காரர் தண்டத்தொகை கேட்கலாம். உங்கள் ஒப்பந்தத்துக்கு அது பொருந்துமா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.