மறு: ஹிட் அண்ட் மிஸ் எஞ்சினுக்குத் தமிழ்ச்சொல் – "விட்டுவெடி" சரியாக வருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பழைய படங்களுக்கு நாம் எழுதும் தமிழ் விளக்கங்களில் 'ஹிட் அண்ட் மிஸ்' எஞ்சினை என்னவென்று சொல்வது என்பதுதான் இந்த இழையின் கேள்வி. வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடிப்பதை நிறுத்தி, குறைந்ததும் மறுபடி வெடிக்கிற பழைய எஞ்சின் அது. ஐயா நேற்று அனுப்பிய, அமெரிக்காவின் அயோவா மாநிலப் பண்ணைப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதற்கு நாம் எழுதிய விளக்கம் "வார் பூட்டிய நீராவி எஞ்சின்". வார், அதாவது பெல்ட், சரி, நீராவி தப்பு. நடுவில் பெட்டி போல இருப்பதிலிருந்து ஆவி கிளம்புவதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம். அது கொதிகலன் இல்லை. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் திறந்த தொட்டி. எஞ்சின் பாரம் இழுக்கும்போது அந்தத் தண்ணீர் கொதித்து, சூட்டை எடுத்துக்கொண்டு ஆவியாகப் போய்விடும், குறையக் குறைய ஒரு வாளி ஊற்றிக்கொண்டால் போதும். நீராவி எஞ்சின் என்றால் கொதிகலன் எங்கே, புகைபோக்கி எங்கே, பக்கத்தில் கரியோ விறகோ எங்கே? படத்தில் ஒன்றுமே இல்லை. இருப்பது படுக்கைவாக்கில் ஒற்றைச் சிலிண்டர், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கனத்த சக்கரம், நடுவில் மூடாமல் வெளியே தெரிகிற கிராங்க், அதாவது பிஸ்டனின் முன்பின் ஓட்டத்தைச் சுற்றாக மாற்றும் தண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் தண்ணீர் இறைக்கவும் மக்காச்சோளம் உதிர்க்கவும் மரம் அறுக்கவும் வைத்திருந்த பெட்ரோல் எஞ்சின். துணி துவைக்கிற மெஷினுக்குக்கூட இதிலிருந்து வார் போட்டார்கள். 1930களின் நடுவில்கூட அங்கே பத்துப் பண்ணைகளில் ஒன்பதுக்கு மின்சாரம் வரவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எஞ்சின் ஏன் இத்தனை பழைய படங்களில் வருகிறது என்று புரியும்.

சரி, பெயருக்கு வருகிறேன். அக்கா "தவறுவெடி எஞ்சின்" என்று முன்வைத்திருந்தீர்கள். 'மிஸ்' என்ற சொல்லை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அங்கே எதுவும் தவறவில்லை என்பதுதான் என் வாதம். எஞ்சின் வேண்டுமென்றே வெடிக்காமல் இருக்கிறது.

அது எப்படி என்றால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்துக்குக் கவர்னர் என்று பெயர், அதில் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் எடைகள் இருக்கின்றன, வேகம் கூடினால் அவை வெளியே விரியும், விரிந்ததும் ஒரு கொக்கி வந்து, புகை வால்வைத் தள்ளித் திறக்கும் தள்ளுகோலைப் பிடித்துக்கொள்ளும். தள்ளுகோல் பிடிபட்டால் புகை வெளியேறும் வால்வு திறந்தபடியே நிற்கும். எரிபொருள் உள்ளே வரும் வால்வை யாரும் தள்ளித் திறப்பதில்லை, பிஸ்டன் இழுக்கும் உறிஞ்சலில் தானாகத் திறக்கிற வால்வு அது. புகை வால்வு திறந்து கிடக்கும்போது உறிஞ்சல் ஏது? அதனால் பெட்ரோலும் வராது, வெடியும் கிடையாது. கனத்த சக்கரங்களின் ஓட்டத்திலேயே எஞ்சின் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். வேகம் குறைந்ததும் கொக்கி விடும், ஒரு வெடி, மறுபடி சும்மா ஓட்டம். டப்... ஃபுஸ், ஃபுஸ், ஃபுஸ், ஃபுஸ்... டப். பாரம் ஏற ஏற ஃபுஸ் குறைந்து டப் கூடும். இதைத் 'தவறு' என்று சொன்னால் படிக்கிறவர் எஞ்சின் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். நம் மெக்கானிக்குகள் "மிஸ் அடிக்குது" என்று சொல்வது பழுதைத்தானே.

அதனால் "விட்டுவெடி எஞ்சின்". "விட்டு விட்டு மழை பெய்யுது" என்று சொல்கிறோமே, அந்த 'விட்டு'. இடைவெளியும் இருக்கிறது, திரும்ப வரும் என்பதும் இருக்கிறது, பழுது என்ற வாடை இல்லை. கொக்கி பிடித்து விடுவதையும் இந்தச் சொல் தற்செயலாகத் தொட்டுவிடுகிறது. "இடைவெடி" என்று ஒருவர் சொன்னார், எனக்கு அது இரண்டு வெடிக்கு நடுவில் வருகிற வெடி என்றுதான் கேட்கிறது. எஞ்சினைப் "பொறி" ஆக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தீப்பொறியைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் "விட்டுவெடிப் பொறியின் பொறி" என்று எழுதி மாட்டிக்கொள்வோம்.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துக்கொள்வோம். நம் ஊர் ரைஸ்மில்லிலும் கிணற்றடியிலும் பார்த்த ஆயில் எஞ்சின் இதுவேதான் என்று இழையில் இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். இரட்டைச் சக்கரமும் வாரும் அப்படி நினைக்கவைக்கும். ஆனால் ராஜ்கோட்டில் வார்த்தெடுக்கும் அந்த லிஸ்டர் வகை டீசல் எஞ்சினில் சிலிண்டர் செங்குத்தாக நிற்கும், அதன் கவர்னர் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்குமே தவிர வெடியை நிறுத்தி வைக்காது. அதன் சத்தம் சீராக இருப்பதற்குக் காரணமே அதுதான். அதை விட்டுவெடி என்று சொல்லக் கூடாது.

அப்புறம் "கப்பி". வார் ஓடும் சக்கரத்தைக் கப்பி என்று விளக்கங்களில் எழுதியிருக்கிறோம். கிணற்றுக் கப்பியில் கயிறு உட்காரப் பள்ளம் இருக்கும். தட்டை வார் ஓடும் சக்கரத்தில் பள்ளமே கிடையாது, சொல்லப்போனால் நடுப்பகுதி லேசாகப் புடைத்திருக்கும், அந்தப் புடைப்புதான் வாரை விளிம்புக்கு ஓடிவிடாமல் நடுவுக்கு இழுத்துக்கொள்கிறது. "வார்ச்சக்கரம்" என்று எழுதினால் என்ன? வார் என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள், அந்தக் காலத்தில் பெரும்பாலும் தோலில் செய்ததுதானே, செருப்பு வாரைப் போல.

படத்தில் வார் எட்டு போட்ட மாதிரி முறுக்கிப் பூட்டியிருந்தால் இரண்டு சக்கரமும் எதிரெதிராகச் சுற்றுகின்றன என்று விளக்கத்தில் தாராளமாக எழுதலாம். முறுக்குவதால் வார் சக்கரத்தைக் கூடுதலாகச் சுற்றிப் பிடிக்கும், வழுக்காது. கதிரடிக்கும் மெஷினுக்கு வார் மிக நீளமாக ஓடினால் மறுமுனையில் நிற்பது நீராவி எஞ்சினா என்று பாருங்கள். புகைபோக்கியிலிருந்து வரும் நெருப்பு வைக்கோலில் விழாமல் இருக்க அதைத் தள்ளி நிறுத்துவார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதே வெளித்தோற்றத்தோடு, வெடியை நிறுத்தாமல் எரிபொருளை மட்டும் குறைக்கிற கவர்னர் உள்ள எஞ்சின்களும் அதே காலத்தில் விற்றன. மறுபக்கம், அமெரிக்காவின் ஜான் டீர் கம்பெனி 1923 முதல் 1946 வரை விற்ற ஈ மாடல் எஞ்சின் விட்டுவெடிதான், ஆனால் கிராங்க் முழுக்க மூடியிருக்கும். ஆகவே கிராங்கை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சக்கரத்துக்குப் பக்கத்தில் கொக்கியும் தள்ளுகோலும் தெரிகின்றனவா என்று தேடுங்கள். தெரியாவிட்டால் "ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்" என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம்.

ஐயாவின் படத்தில் கொக்கி தெளிவாகவே தெரிகிறது, இடது சக்கரத்தின் ஆரக்கால்களுக்குப் பின்னால். ஆகவே விளக்கத்தை இப்படி மாற்றலாமா: "மக்காச்சோளம் உதிர்க்கும் மெஷினை முறுக்கு வாரால் ஓட்டும் விட்டுவெடி எஞ்சின், அயோவா. தொட்டியிலிருந்து எழுவது குளிர்விக்கும் தண்ணீரின் ஆவி." மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.